கடைக் கணனிக்கு சேர்வர் புரொசெசர் தேவையா?

தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை, கந்தளாய், கிண்ணியா பகுதிகளில் நெல் ஆலை, மொத்த வியாபாரம், மருந்துக் கடை என்று தொழில் செய்யும் எமது வர்த்தகர்களில் பலர் கணக்குக் கொப்பியிலிருந்து கணனிக்கு மாறிவிட்டார்கள். முதலில் பில் போட ஒரு கணனி வரும். பிறகு களஞ்சியத்துக்கு ஒன்று, காரியாலயத்துக்கு ஒன்று. மூன்று, நான்கு கணனிகள் சேர்ந்தவுடன் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்திருக்க ஒரு 'மெயின் மெஷின்' வேண்டும் என்ற நிலை வரும். அதற்கு விலை கேட்கப் போகும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒரு கடையில் புதிய டெஸ்க்டொப் கணனிக்கு விலை தருவார்கள்: நான்கு கோர், 16 ஜீ.பீ. ரெம், சிறிய பெட்டி. இன்னொரு கடையில் அதே விலைக்கோ சற்றுக் கூடுதலாகவோ 14 கோர், 64 ஜீ.பீ. ரெம், பெரிய பெட்டி. "நானா, இது ஸியோன். சேர்வர் புரொசெசர். பேங்க்ல பாவிக்கிற சாமான். டெஸ்க்டொப்பெல்லாம் இதுக்குக் கிட்ட வராது" என்று விற்பவர் சொல்லுவார். நான்கை விடப் பதினான்கு பெரிது என்பது யாருக்கும் தெரியும். சேர்வர் என்ற பெயரிலும் ஒரு கனம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நூற்றுக்கணக்கான விவசாயிகளின் நெல் நிறை, முற்பணம், உரக்கடன் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கப் போகிறது என்றால் 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று ஸியோனை வாங்கத்தான் மனம் சொல்லும்.

பெரும்பாலான கடைகளுக்கு அது தேவையில்லை என்பதே எனது கருத்து. சில இடங்களுக்குத் தேவைதான். ஆனால் அங்கேயும் தேவைக்கான காரணம் விற்பவர் சொல்லும் வேகம் அல்ல.

லொறியும் பட்டாவும்

கந்தளாயிலிருந்து கொழும்புக்கு நூற்றுக்கணக்கான மூட்டைகள் அனுப்ப லொறி வேண்டும். முள்ளிப்பொத்தானையில் ஒரு வாடிக்கையாளருக்கு அவசரமாக இரண்டு மூட்டை கொண்டு போக பட்டா போதும், அதுதான் வேகமாகவும் போய்ச் சேரும். லொறி பெரிய வாகனம் என்பதற்காக அந்த இரண்டு மூட்டை முன்கூட்டிப் போய்விடாது. சேர்வர் புரொசெசருக்கும் டெஸ்க்டொப் புரொசெசருக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். முன்னது ஒரே நேரத்தில் பலருடைய வேலையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. பின்னது ஒருவருடைய வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காகச் செய்யப்பட்டது.

எண்களை எடுத்துப் பார்ப்போம். பாவித்த சந்தையில் அதிகம் கிடைக்கும் இன்டெல் ஸியோன் ஈ5-2680 வீ4 என்பது 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. 14 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ், உச்ச வேகம் 3.3. அப்போது அதன் பட்டியல் விலை 1,700 டொலருக்கு மேல். பெரிய நிறுவனங்கள் தமது தரவு நிலையங்களிலிருந்து கழற்றிய இந்தச் சில்லுகள் சீனாவில் புதிதாகச் செய்த மதர்போர்டுகளில் பொருத்தப்பட்டு உலகமெங்கும் மலிவாக விற்கப்படுகின்றன. 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3-12100 இன்டெல்லின் கீழ்த்தட்டுச் சில்லு. நான்கே கோர்; ஆனால் உச்ச வேகம் 4.3 கிகாஹேர்ட்ஸ். உள்ளமைப்பும் ஆறு ஆண்டுகள் புதியது என்பதால் ஒரே கிகாஹேர்ட்ஸில் கூட அது கூடுதல் வேலை செய்கிறது. ஒரு பில்லைத் திறந்து, விலை தேடி, சேமித்து, அச்சிடும் வேலை பெரும்பாலும் ஒரு கோரில் நடப்பது. அந்த வேலையில் இந்தச் சிறிய சில்லு அந்தப் பெரிய சில்லை வெகுவாக முந்திவிடும்.

விற்பவர்கள் அநேகமாகச் சொல்லாத இன்னொரு விடயமும் உண்டு. கடைகளுக்கு விற்கப்படும் பில் மென்பொருள்களில் பல, மைக்ரோசொப்டின் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தின் மேல் இயங்குகின்றன. இலவசம் என்பதால் அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். எத்தனை கோர் இருந்தாலும் அது நான்கை மட்டுமே பாவிக்கும். ரெம்மிலும் தரவுகளை வைத்திருக்க ஏறத்தாழ 1.4 ஜீ.பீ. மட்டுமே எடுத்துக்கொள்ளும். 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜீ.பீ.க்கு மேல் வளரவும் முடியாது; 2025 பதிப்பில்தான் அது 50 ஜீ.பீ. ஆக்கப்பட்டது. ஆக, 14 கோருக்கும் 64 ஜீ.பீ.க்கும் காசு கொடுத்துவிட்டு அதில் பெரும் பகுதியைச் சும்மா வைத்திருப்பதாகத்தான் முடியும். உங்கள் மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தில் ஓடுகிறது என்று அதை விற்றவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். புரொசெசரைப் பற்றி யோசிப்பது அதன் பிறகு.

நிஜமான வித்தியாசம்

அப்படியானால் சேர்வர் புரொசெசர் வெறும் பெயருக்குத்தானா? இல்லை. அதில் விலை மதிப்புள்ள ஒரு சங்கதி இருக்கிறது. ஈ.சீ.சீ. என்று சொல்லப்படும் பிழை திருத்தும் நினைவகத்தைத் தாங்கும் ஆற்றல்தான் அது.

2003ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. பிரசெல்ஸ் நகரப் பகுதியான ஸ்கார்பீக்கில் இலத்திரனியல் முறையில் வாக்களித்தார்கள். எண்ணி முடித்தபோது ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. மீண்டும் எண்ணியதில் சரியாக 4,096 வாக்குகள் கூடியிருந்தது தெரிய வந்தது. மென்பொருளில் பிழை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் 4,096 என்பதுதான் துப்பு. கணனியின் நினைவகத்தில் பூச்சியமாக இருந்த ஒரே ஒரு 'பிட்' தானாக ஒன்றாக மாறியிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள் பட்டாலும் இப்படி நடக்கலாம்.

அங்கே எண்ணிக்கை அசாத்தியமாக இருந்ததால் பிடிபட்டது. எமது கடையில் நடந்தால்? ஒரு விவசாயி தர வேண்டிய 12,500 ரூபா முழு எண்ணாகப் பதியப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்துப் பிட் மாறினால் அது 8,404 ரூபாவாகிவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரு தொகைதான். யாருக்கும் சந்தேகம் வராது. மறுபுறம் ஒருவர் தர வேண்டியது கூடிவிட்டால், அவர் 'நான் கட்டிவிட்டேன்' என்று சொல்ல, நீங்கள் 'கணனி பொய் சொல்லாது' என்று சொல்ல, பல வருடப் பழக்கம் அங்கேயே முறியும்.

ஈ.சீ.சீ. ரெம் 64 பிட் தரவோடு மேலதிகமாக 8 பிட்டையும் சேர்த்து வைக்கிறது. ஒரு பிட் மாறினால் எது மாறியது என்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரண்டு மாறினால் திருத்த முடியாது. ஆனால் பிழை என்று சொல்லி நிறுத்தும். சாதாரண ரெம் ஒன்றுமே சொல்லாது.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? கூகுள் தனது சேர்வர்களில் இரண்டரை ஆண்டுகள் சேகரித்த தரவுகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டு ரெம் துண்டுகள் அளவில் ஒரு தடவையாவது பிழை விட்டிருந்தன. இயந்திரங்களில் மூன்றில் ஒன்று பாதிக்கப்பட்டிருந்தது. இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். அவை இரவு பகல் ஓயாமல் ஓடும், நிறைய ரெம் உள்ள இயந்திரங்கள். பிழைகளும் எல்லாத் துண்டுகளிலும் சமமாக வரவில்லை, பழுதான சிலவற்றிலேயே குவிந்திருந்தன. இரண்டு ரெம் துண்டோடு காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஓடும் கடைக் கணனிக்கு இது நாளாந்தப் பயமல்ல. எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடும். 2003இல் அமெரிக்காவின் வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகம் 1,100 அப்பிள் மேசைக் கணனிகளை இணைத்து உலகின் மூன்றாவது வேகமான சுப்பர் கணனியை அமைத்தது. அவற்றில் ஈ.சீ.சீ. இல்லை. நீண்ட கணக்குகளின் விடையை நம்ப முடியாத நிலை இருந்தது. அடுத்த வருடமே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஈ.சீ.சீ. உள்ள சேர்வர்களைப் போட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸியோன் என்று எழுதியிருந்தால் மட்டும் ஈ.சீ.சீ. வந்துவிடாது. புரொசெசர், மதர்போர்ட், ரெம் மூன்றுமே அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். மலிவான பெட்டிகளில் சாதாரண ரெம்மைப் போட்டு விற்பதும் உண்டு. அப்போது சேர்வர் புரொசெசரின் பிரதான பலன் போய்விடுகிறது. அதேபோல 'டீ.டீ.ஆர்.5 எல்லாத்திலும் ஈ.சீ.சீ. இருக்கு' என்று சிலர் சொல்வார்கள். டீ.டீ.ஆர்.5 சில்லு தனக்குள்ளே ஒரு திருத்தம் செய்துகொள்கிறது, உண்மைதான். ஆனால் ரெம்முக்கும் புரொசெசருக்கும் இடையிலான பாதையை அது காப்பதில்லை, பிழை வந்ததாக உங்களுக்கு அறிவிப்பதும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

ஈ.சீ.சீ. மட்டும் வேண்டும், பெரிய சேர்வர் வேண்டாம் என்பவர்களுக்கு நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஏ.எம்.டி. 2024 மே மாதம் வெளியிட்ட எபிக் 4004 வரிசை, டெஸ்க்டொப் ரைசன் சில்லின் அதே குடும்பம், அதே ஏ.எம்.5 சொக்கெட்டில்தான் அமரும். இன்டெல்லின் ஸியோன் ஈ வரிசையும் அப்படித்தான், டெஸ்க்டொப் சில்லின் உறவுக்காரன். 12ஆம் தலைமுறையிலிருந்து கோர் ஐ5, ஐ7 சிலவற்றையும் டபிள்யூ680 சிப்செட் உள்ள போர்டில் போட்டால் ஈ.சீ.சீ. வேலை செய்யும். அதாவது 'சேர்வர்', 'டெஸ்க்டொப்' என்ற சுவர் விற்பனைப் பிரிவு கட்டியது. சில்லுக்குள்ளே போனால் பல இடங்களில் அது வெறும் வேலிதான்.

டெஸ்க்டொப் சில்லை ஓயாமல் ஓட்டினால்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024இல் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சில்லுகளில் வேகம் கூடிய ரகங்கள் காரணமின்றி முடங்குவதாக முறைப்பாடுகள் குவிந்தன. அவற்றை வைத்து விளையாட்டு சேர்வர்களை இரவு பகலாக நடத்திய நிறுவனங்களும் உரத்துப் பேசின. அந்த வருடம் ஜூலையில், சில்லு தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் கேட்பதால் நாளடைவில் பழுதடைகிறது என்று இன்டெல் ஒத்துக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டினார்கள். அந்தத் திருத்தம் பயோஸ் புதுப்பிப்பின் மூலம் வருவது. ஏற்கனவே பழுதான சில்லை அது குணப்படுத்தாது. எனவே அந்தத் தலைமுறைகளில் ஐ7, ஐ9 பாவித்தது கிடைத்தால், எவ்வளவு மலிவானாலும் இரண்டு தடவை யோசியுங்கள்.

கச்சான், கரண்ட், கொழும்பு

புத்தகத்தில் இல்லாத சில விடயங்கள் எமது ஊரில் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலாவது மின்சாரம். பழைய ஸியோன் பெட்டி சும்மா நிற்கும்போதே புதிய சிறிய டெஸ்க்டொப்பை விட 100 வொட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினால் மாதம் 72 அலகு. இரண்டு புரொசெசர் உள்ள சேர்வர் என்றால் இன்னும் கூடும். உங்கள் மின் பட்டியலை எடுத்து ஓர் அலகின் விலையால் பெருக்கிப் பாருங்கள். மூன்று வருடக் கணக்கில் 'மலிவு' எங்கே போகிறது என்று தெரியும். அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள ஆலைக் காரியாலயத்தில், உமித்தூசு நிறைந்த இடத்தில், அதற்குக் குளிரூட்டியும் வைக்க வேண்டி வரும்.

இரண்டாவது மின்தடை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதும் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போவதுதான் எமது பகுதியில் கணக்குக் கெடுவதற்கான பெரிய வழி. விண்வெளித் துகளெல்லாம் அதற்குப் பிறகுதான். சிறிய கணனியை ஒரு சாதாரண யூ.பீ.எஸ். ஒழுங்காக மூடும் வரை தாங்கிவிடும். அதே யூ.பீ.எஸ். பெரிய பெட்டியோடு சீக்கிரமே கைவிட்டுவிடும்.

மூன்றாவது தூரம். திருமலையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். டெஸ்க்டொப் மதர்போர்டோ பவர் சப்ளையோ போனால் திருமலை நகரில் அன்றே ஒன்று தேடலாம். சேர்வர் உதிரிப்பாகம் என்றால் கொழும்புக்குப் பார்சல், பிறகு காத்திருப்பு. பெயர் தெரியாத சீன போர்ட் என்றால் அங்கும் கிடைக்காது. அறுவடை மும்முரத்தில் ஐந்து நாள் தராசுக் கணக்கைக் காகிதத்தில் எழுதிச் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆலைக்காரருக்குத் தெரியும்.

பழைய ஸியோனுக்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டு ஸியோன் வின்டோஸ் 11க்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருவார்கள்தான். ஊரின் கடன் கணக்கு முழுவதும் உள்ள இயந்திரத்தில் குறுக்கு வழி எதற்கு?

சரி, வின்டோஸ் சேர்வரையே வாங்குவோம் என்றால் அதன் அனுமதிப்பத்திரம் கோர் எண்ணிக்கைப்படி. ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும், அதுவே ஆயிரம் டொலரைத் தாண்டும். 14 கோர் புரொசெசர் இரண்டு இருந்தால் 28 கோருக்கும் கட்ட வேண்டும். அதோடு இணைவோருக்கான அனுமதியும் தனி. சும்மா கிடக்கும் கோருக்கும் வருமே செலவு!

யாருக்குத் தேவை?

சாதாரண வின்டோஸ் 11 ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் பகிர்வுக்கு அனுமதிக்கிறது. ஒரு நல்ல அளவுகோலாக அதையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு, ஐந்து கணனிகள் உள்ள நெல் ஆலையோ மொத்தக் கடையோ அந்த எல்லைக்குக் கிட்டவும் வராது. அவர்களுக்கு நல்ல டெஸ்க்டொப் புரொசெசர், இரண்டு எஸ்.எஸ்.டி. ஒன்றின் பிரதியாக மற்றது, தரமான யூ.பீ.எஸ். ஆகியவை போதும். நோன்புப் பெருநாள் சீசனில் கூட அது தாங்கும்.

மாறாக, கிண்ணியாவிலும் கந்தளாயிலும் கிளைகள் உள்ள, கிளைகள் அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் இரவு பகல் வேலை செய்யும் வியாபாரத்துக்கு, நோயாளர் பதிவும் மருந்து இருப்பும் சேர்ந்த தனியார் வைத்தியசாலைக்கு, நூற்றுக்கணக்கான உறுப்பினரின் சேமிப்பை வைத்திருக்கும் சங்கத்துக்கு ஈ.சீ.சீ. உள்ள இயந்திரம் வேண்டும் என்றே சொல்வேன். ஒரு தவறான எண் யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடிய இடங்கள் அவை. அங்கும் முதலில் பார்க்க வேண்டியது நான் சொன்ன நடுவழி ரகத்தை. அதையும் புதிதாக, உத்தரவாதத்துடன். 2022 நவம்பரில் வந்த 96 கோர் எபிக் 9654இன் பட்டியல் விலை 11,805 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 35 இலட்சத்துக்கு மேல், புரொசெசர் மட்டும். அது நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணனிகளை வாடகைக்கு விடும் தரவு நிலையத்தின் பண்டம்.

கூகுள் ஆரம்பத்தில் எப்படி ஓடியது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1999இல் அவர்கள் கட்டிய சேர்வர்களில் மலிவான சாதாரண மதர்போர்டுகளைத் தக்கைப் பலகையின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதில் ஒன்று கலிபோர்னியாவின் கணனி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளை எழுதியிருந்தார்கள். அவர்களுடைய பலம் சில்லில் இருக்கவில்லை, பிரதியில் இருந்தது.

பிரதி இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2023இல் லங்கா அரசாங்க கிளவுட் மீது இணையத் தாக்குதல் நடந்தது. அரச நிறுவனங்களின் மின்னஞ்சல்களில் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. தரவு நிலையத்தில் வைத்திருந்த கணக்குக்கே அந்த நிலை.

ஆகவே ஸியோனுக்கும் டெஸ்க்டொப்புக்கும் இடையே மிச்சமாகும் காசில் முதலில் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தினமும் கடை மூடும்போது ஒன்றில் பிரதி எடுத்துக் கழற்றிவிடுங்கள். இணைத்தே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மற்றது கடையில் இருக்கக்கூடாது. 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியாவுக்குள் வந்தபோது எத்தனை கடைகளின் கொப்பிகளும் ரசீதுகளும் ஒன்றாகவே போயின என்பதை அந்தப் பகுதி வர்த்தகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரம் ஒரு தடவை இரண்டையும் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணனியில் திறந்து, தெரிந்த நான்கு பேரின் நிலுவையைச் சரி பாருங்கள். திறக்காத பிரதியை நம்ப முடியாது.

வாங்குவதென்று முடிவானால் விலைப்பத்திரத்தில் புரொசெசரின் முழு இலக்கத்தையும் எழுதிக் கேளுங்கள். 'ஐ5' என்றோ 'ஸியோன்' என்றோ மட்டும் எழுதினால் பத்து வருடம் பழையதும் அதற்குள் அடங்கும். மதர்போர்டின் பெயர், ரெம் ஈ.சீ.சீ.யா இல்லையா, புதியதா பாவித்ததா, உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் திருமலையில் பார்ப்பார்களா கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பவையும் அதே தாளில் இருக்கட்டும். ஆலைக்காரர்கள் அறுவடை தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே மாற்றத்தை முடித்து, பழைய கணனியை அந்தப் போகம் முடியும் வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.